சீமைக்காரன் ஓட்டும் செல்லூர்த் தறியும்

தம்பி,

உன் இன்லண்டு லெட்டர் வந்து இருபத்து மூன்று நாளாகிறது. ஊர்க் கதையெல்லாம் எழுதிவிட்டு, ஒட்டுவதற்கு மடிக்கிற ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தாய். 'மாமா கூட்டை விட்டு வெளியே வந்தால் நான் பிழைப்பேனா அம்மா? உனக்கு என்ன தோன்றுகிறது?' அந்த ஒரு வரிக்குப் பதில் எழுதத் தெரியாமல்தான் இத்தனை நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து வருஷம் ஊராருக்காகக் கடிதம் அடித்துச் சம்பாதித்தவள், பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத இவ்வளவு நாளா என்று உன் அப்பா கேலி செய்கிறார். நான் எழுதுவதையும் கிழிப்பதையும் பார்த்துவிட்டு, "பேசாம பஸ் ஏறிப் போயி நேர்ல சொல்லிட்டு வந்துரலாம்ல? பேப்பராவது மிஞ்சும்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என் சங்கடமே அந்த பஸ்ஸில்தான் இருந்தது. அதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப் போகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. என் அண்ணன் நடத்தும் பம்புசெட் வியாபாரம் ஒரு கடை இல்லை, ஒரு கூட்டு. மதுரையில் பெரிய கடை அவருடையது. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் கடைகள் சொந்தக்காரர்களுடையவை. மோட்டார், செம்புக் கம்பி, பேரிங் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி, உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே விலையில் பிரித்துக் கொடுக்கிறார். அதற்குப் பதிலாக அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: நாம் விற்கும் கம்பெனி மோட்டாரைத் தவிர வேறு எதையும் ரிப்பேருக்குத் தொடக் கூடாது. கரும்பு காய்கிற நேரத்தில் ஒரு விவசாயி வேறு கம்பெனி மோட்டாரை மாட்டுவண்டியில் போட்டு, நீ வேலை பார்த்த மாமா கடைக்குக் கொண்டுவந்து நின்றார். நீ மனசு கேட்காமல் பிரித்து, எரிந்துபோன கம்பியை எடுத்துவிட்டுப் புதிதாகக் காயில் கட்டிக் கொடுத்துவிட்டாய். "சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான். மருமகனுக்குன்னு தனிச் சட்டமா?" என்று மாமா கேட்டார். "எந்தக் கம்பெனி மோட்டாரா இருந்தா என்ன மாமா, வர்ற தண்ணி ஒண்ணுதான?" என்று நீ கேட்டாய். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் அந்தச் சண்டை முடியவே இல்லை. ஆடி முடிவதற்குள் முடிவைச் சொல் என்று அவர் கெடு வைத்திருக்கிறார். நீ அலங்காநல்லூரில் அறை எடுத்து மூன்று மாதமாகிறது, ஆவணியில் கடை திறக்க நினைக்கிறாய்.

இந்த மூன்று மாதத்தில் நான் ஒரு நாள்கூட உன் அறையை எட்டிப் பார்க்கவில்லை. திருநகரிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், அவ்வளவுதான் தூரம். அப்பா இரண்டு தடவை வந்தார். முறுக்கும் ஊறுகாயும் கொடுத்து அனுப்பினேனே தவிர, நான் வரவில்லை. 'அம்மா அவள் அண்ணன் பக்கம் சாய்ந்துவிட்டாள்' என்று நீ நினைத்திருப்பாய். அப்பாவிடம் அப்படிக் கேட்கவும் கேட்டாயாம். அது பாதிதான் சரி. அண்ணன் முகத்தைப் பார்க்கவும் பயம், உன் முகத்தைப் பார்க்கவும் பயம் என்று நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், அலங்காநல்லூர் பஸ் வைகையைத் தாண்டி செல்லூர் வழியாகப் போகிறது. செல்லூர் பக்கம் நான் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

அது எழுபத்தைந்தாம் வருஷம். நீ எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். நான் சிம்மக்கல் பக்கம் ஒரு கைத்தறி ஏற்றுமதிக் கம்பெனியில் டைப்பிஸ்ட். சீமையில் பாத்திரம் துடைக்கும் துண்டும் மேசை விரிப்பும் நம்மூர்த் தறியில் நெய்து கப்பலில் போகும். லண்டனில் ஒரே ஒரு கம்பெனிதான் எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்தது. முதலாளிக்கு இங்கிலீஷ் தன் பெயரைக் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் வரும். அதனால் லண்டன்காரர் எழுதும் கடிதத்தைப் படித்துத் தமிழில் சொல்வது நான், பதில் எழுதுவது நான், இங்கிலீஷ் பேப்பரைப் படித்து உலக நடப்பைச் சொல்வதும் நான். சரக்குக் கொண்டுவரும் நெசவாளிகள் என்னை 'டைப்பம்மா' என்று கூப்பிடுவார்கள். ஒரு பொம்பளை இங்கிலீஷ் படித்துச் சொல்ல, பத்து ஆம்பளைகள் சுற்றி நின்று கேட்பார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே எங்கள் வியாபாரம் படுத்துவிட்டது. ஐரோப்பாவில் பக்கத்துப் பக்கத்து நாடுகள் சேர்ந்து காமன் மார்க்கெட் என்று ஒரு கூட்டு வைத்திருந்தார்கள் அல்லவா, அதில் இங்கிலாந்தும் போய்ச் சேர்ந்துகொண்டது. பழைய காலத்துத் தொடர்பினால் நம் சரக்குக்கு அங்கே இருந்த சலுகை போயிற்று. வரி வந்தது, இவ்வளவுதான் வரலாம் என்ற கட்டுப்பாடும் வந்தது. வருஷத்துக்கு நாலு ஆர்டர் அனுப்பிய லண்டன்காரர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். இதை நான் ஒரு நாள் ஆபீஸ் வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். "கூட்டுக்குள்ள இருக்கிறவுகளுக்கு வரி கெடையாது. வெளியாளுக்குத்தான் அம்புட்டுத் தொந்தரவும்" என்றேன். கூட்டத்திலிருந்து சோணைமுத்து அண்ணன், "அப்ப நம்ம சொசைட்டி மாதிரின்னு சொல்லுங்க டைப்பம்மா. உள்ள இருக்கிறவனுக்கு நூலு. வெளிய இருக்கிறவன் வாசல்ல நிக்க வேண்டியதுதான்" என்றார். என்னைவிட அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். செல்லூரில் நாலு தறி வைத்திருந்தார். நெசவாளர் சொசைட்டியில் உறுப்பினர். சொசைட்டி நூல் கொடுக்கும், நெய்ததை எடுத்துக்கொள்ளும், வெளியாளுக்கு நெய்யக் கூடாது. எங்களுக்கு அவர் நெய்தது உறுப்பினர் அல்லாத மச்சினன் பெயரில், ஒரு தறியில், கொஞ்சம் திருட்டுத்தனமாக.

அந்த வருஷம் இங்கிலாந்தில், கூட்டிலேயே இருப்பதா வெளியேறுவதா என்று ஜனங்களிடமே ஓட்டுக் கேட்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அதே வாரம் லண்டன்காரரின் கடிதமும் வந்தது. நல்ல மனுஷன். வியாபாரக் கடிதத்தில்கூடத் தன் தோட்டத்து ரோஜாவைப் பற்றி நாலு வரி எழுதுவார். அந்தத் தடவை, தான் வெளியேறத்தான் ஓட்டுப் போடப் போவதாகவும், தனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றும், வெளியே வந்துவிட்டால் பழையபடி நம் சரக்கை நிறைய வாங்கலாம் என்றும் எழுதியிருந்தார். நான் அதை நாலு தடவை படித்தேன். சீமையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கடிதங்கள்தான். அவர் நினைப்பதை அவர் தேசமே நினைப்பதாக எடுத்துக்கொண்டுவிட்டேன். அந்தத் தேசத்தில் துண்டு விற்காதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கும் ஓட்டு இருக்கும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

முதலாளியிடம் உறுதியாகச் சொன்னேன். "வெளியேறத்தான் போறாக. ஓட்டு முடிஞ்ச மறுவாரம் ஆர்டர் வரும். அப்ப போயி நூலுக்குச் சாயம் போட்டுக்கிட்டு இருந்தா வேற ஊர்க்காரன் முந்திருவான்" என்றேன். முன்கூட்டியே சாயம் போட்டு, லண்டன்காரர் கேட்கும் அந்தக் கட்டத்துக்கே பாவு ஓட்டி, அதாவது நீளவாட்டு நூலை வரிசைப்படுத்தி, தறியில் ஏற்றி வைத்துவிட வேண்டும் என்பது என் யோசனை. கை அகலக் கட்டம், சிவப்பும் வெள்ளையும். தறியில் ஒரு பாவு ஏறிவிட்டால் அது நெய்து முடியும்வரை அந்தத் தறியில் வேறு எதுவும் நெய்ய முடியாது. இது எனக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அன்று சாயங்காலம் வீட்டில் பெருமையாகச் சொன்னபோது உன் அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "சீமைக்காரன் ஓன் காதுல வந்து சொன்னானா?" என்று கேட்டார். மின்சார ஆபீசில் கம்பம் நடுகிறவருக்கு உலக வியாபாரம் என்ன தெரியும் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் சோணைமுத்து அண்ணன் தனியாக வந்து என் மேசை பக்கத்தில் நின்றார். "டைப்பம்மா, நெசமாத்தான் சொல்றீகளா? நாலு தறியவும் இதுக்கே விடலாம்னு பாக்குறேன். அப்படின்னா சொசைட்டியில எழுதிக் கொடுத்துட்டு வெளிய வரணும். வெளிய வந்துட்டா திரும்பச் சேக்க மாட்டாக" என்றார். எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தாராளமா வாங்கண்ணே" என்றேன். அதோடு விட்டேனா? விலகல் மனுவையும் நானே கம்பெனி மிஷினில் அடித்துக் கொடுத்தேன். கார்பன் வைத்து இரண்டு பிரதி. 'எதிர்வரும் வெளிநாட்டு ஆர்டர்களை முன்னிட்டு' என்று ஒரு வரியை என் கைச்சரக்காகச் சேர்த்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, இங்க்கு காயும்வரை பேப்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபீஸ் பிரதி என்று சொல்லி ஒன்றை நான் வைத்துக்கொண்டேன்.

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு பாவு ஏற்றினார்கள். அன்று அவர் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மனைவி பேச்சியம்மா கேசரி கிண்டியிருந்தாள். கை கழுவச் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. நாலு தறியும் ஒரே ஆள நம்பியான்னு. நீங்க சொன்னீகன்னு இவுக சொன்ன பெறகுதான் சரின்னேன்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே இரண்டாவது தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டேன். கிளம்பும்போது வழக்கம்போல 'வாரேன்' என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. கூட்டிலேயே இருப்போம் என்று பெரும்பாலானவர்கள் ஓட்டுப் போட்டிருந்தார்கள். கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை, சந்தேகத்துக்கே இடமில்லாத வித்தியாசம். நான் அந்தப் பக்கத்தை மடித்து டிராயருக்குள் வைத்துவிட்டு அன்று முழுக்க மிஷினில் தலையைக் கவிழ்த்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி கேட்டபோதுதான் சொன்னேன். அவர் திட்டவில்லை. தலையைத் தடவிக்கொண்டு, "சரிம்மா, ஏத்துனத நெய்யச் சொல்லு" என்றார். அந்த மாதக் கடைசியில் நம் நாட்டிலேயே எமர்ஜென்சி வந்து, ஊரெல்லாம் பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டது. லண்டன்காரர் ரொம்ப வருத்தப்பட்டு ஒரு கடிதம் எழுதினார். அதிலும் ரோஜா இருந்தது.

ஏற்றிய பாவை நெய்து முடித்தார்கள். அந்தத் தடிமனில் நம் ஊரில் கைலி கட்ட மாட்டார்கள், அந்த அகலத்துக்கு வேட்டியும் ஆகாது. கம்பெனி அந்தத் துணியை வைத்துக்கொண்டு திண்டாடியது. தீபாவளிக்குப் போனஸுக்குப் பதிலாக எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு சுருள் கொடுத்தார்கள். அதில்தான் உனக்குச் சட்டை தைத்தேன். உனக்கு மறந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் 'மேசை, மேசை' என்று கூப்பிட்டார்கள் என்று அழுதுகொண்டே வந்து, சட்டையைக் கழற்றி என் காலடியில் எறிந்தாய். நான் உன்னை அறைந்தேன். அதற்கு முன்னால் உன்மேல் கை வைத்ததே இல்லை. துணியின் அருமை தெரியாத பிள்ளை என்று அப்பாவிடம் சொன்னேன். அது பொய். அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் சோணைமுத்து அண்ணனின் நாலு தறியும்தான் நினைவுக்கு வந்தன. அந்த வேதனையை உன் கன்னத்தில் இறக்கினேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. மன்னித்துவிடு, ராசா.

பாவு முடிந்த பிறகு சோணைமுத்து அண்ணன் சொசைட்டிக்குத் திரும்பப் போய்க் கேட்டார். அவர் இடத்தில் வேறு ஆளைச் சேர்த்தாகிவிட்டது, இனி இடம் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். இதைக் கம்பெனியில் யாரோ சொல்லித்தான் கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு தறியை விற்றுவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். ஒரு நாள் அவர் எங்கள் ஆபீஸ் படியேறி வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்பக்கம் போய், அவர் முதலாளியிடம் பேசிவிட்டு இறங்கிப் போகும்வரை, பழைய பைல் அடுக்கும் அறையிலேயே நின்றேன். நாலு நாள் கழித்துப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். நாலு நாள் நாலு மாதமாயிற்று. அப்புறம் 'இவ்வளவு நாள் போகாமல் இருந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு போவது' என்றாயிற்று. பிறகு அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள், நான் வேறு ஆபீசுக்குப் போனேன். அழகர் ஆற்றில் இறங்கும்போதுகூட இந்தக் கரையிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். ஏன் அந்தப் பக்கம் வர மாட்டேன் என்கிறாய் என்று உன் அப்பா கேட்டால், கூட்டம் என்பேன்.

உன் லெட்டர் வந்ததும் எனக்கு அந்தப் பழைய மேசைதான் கண்முன் வந்தது. அதன் பக்கத்தில் நின்று சோணைமுத்து அண்ணனும் இதே கேள்வியைத்தான் கேட்டார்: வெளியே வந்தால் பிழைப்பேனா? 'தாராளமாக வா' என்று உனக்கு எழுதப் பயந்தேன். 'வராதே' என்று எழுதவும் எனக்கு என்ன தகுதி? போன வியாழக்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பெட்டிக்கு அடியிலிருந்த அந்த மனுவின் பிரதியை எடுத்து மணிபர்சில் வைத்துக்கொண்டு, செல்லூருக்கு பஸ் ஏறினேன். பாலம் தாண்டியதும் இறங்கி நடந்தேன். வீடு அதேதான். இரண்டு தறி சத்தம்தான் கேட்டது.

பேச்சியம்மாதான் முதலில் பார்த்தாள். தறியிலிருந்து எழுந்திரிக்கவே இல்லை. "வாங்க டைப்பம்மா. வழி தெரிஞ்சுச்சா?" என்றாள். சோணைமுத்து அண்ணன் தறியை நிறுத்திவிட்டு வந்து பாயை விரித்தார். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். எனக்கு ஒன்றும் தெரியாமல்தான் அன்றைக்குச் சொன்னேன், ஒரே ஒருத்தர் எழுதியதை வைத்துச் சொன்னேன், உங்கள் நாலு தறியும் என்னால்தான் இரண்டானது என்று மனுவை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என் கையெழுத்து அப்பவே கோணலாத்தான் இருந்துருக்கு" என்றார். பிறகு, "நீங்க சொன்னீகன்னா வெளிய வந்தேன்? இல்லம்மா. சொசைட்டியில ஒரே ரகம், ஒரே அளவு. இருவது வருசம் அதையே நெய்ஞ்சு எனக்குச் சலிச்சுப் போச்சு. வெளிய வாரதுக்கு ஒரு சாக்குத் தேடிக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து வாட்டமா மாட்டுனீக. கஷ்டப்பட்டோம்தான். இப்ப ரெண்டு தறினாலும் என் இஷ்டத்துக்கு நெய்யிறேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருஷம் சுமந்ததை இந்த மனுஷன் இப்படி ஊதித் தள்ளுகிறாரே என்று. ஆனால் பேச்சியம்மா விடவில்லை. தறியிலிருந்து இறங்கி என் எதிரில் வந்து நின்றாள். "அவுகளுக்கு அப்படி. எனக்கு அப்படி இல்ல. நீங்க சொன்னதுக்காகத்தான் நான் சம்மதிச்சேன். ரெண்டு தறி போனப்ப எனக்கு ரெண்டு கையி போன மாதிரி இருந்துச்சு. மில்லு கேன்டீன்ல மூணு வருசம் பாத்திரம் தேச்சேன். அதுகூடப் பரவாயில்ல. சொன்னது தப்பாப் போறது யாருக்கும் நடக்கும். ஆனா நீங்க ஏன் வரல? அந்த வாரமே வந்துருந்தீகன்னா ரெண்டு ஏசு ஏசிருப்பேன். அதோட தீந்துருக்கும். கேசரி தின்னுட்டு வாரேன்னுதான சொல்லிட்டுப் போனீக?" என்றாள். "இப்ப ஏசுங்க" என்றேன். "இப்ப எதுக்கு ஏசுறது? ஆறிப் போச்சு. சோறு தின்னுட்டுப் போங்க" என்றாள். கத்தரிக்காய்க் குழம்பு. இலையில் சோற்றைப் போட்டபடியே ஏசவும் செய்தாள், நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

அதனால் உன் கேள்விக்கு வருகிறேன். உன் வியாபாரம் எப்படி ஓடும் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மாமா கூட்டில் கிடைக்கும் விலையில் உனக்கு இனி கம்பி கிடைக்காது. அவராகவே கொடுக்க நினைத்தாலும் மற்ற சொந்தக்காரர்கள் விட மாட்டார்கள். வெளியே போனவனுக்கும் அதே விலை என்றால் உள்ளே இருப்பவன் எதற்கு இருக்கிறான்? அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதே. உன்னிடம் வரும் விவசாயிகளில் எத்தனை பேர் மாமா பெயரை நம்பி வந்தவர்கள், எத்தனை பேர் உன் கைவேலையை நம்பி வருபவர்கள் என்பது கடை திறந்து ஒரு கோடை போனால்தான் தெரியும். எல்லாக் கம்பெனி மோட்டாரையும் தொடலாம் என்பது உனக்குப் பெரிய பலம். எந்தக் கம்பெனியும் உனக்குப் பொறுப்பில்லை என்பது அதே அளவு பலவீனம். ஒரே ஒருத்தர் 'உன்னிடம்தான் தம்பி வருவோம், ஊரே வரும்' என்று சொன்னால், அவர் தன்னைப் பற்றி மட்டும்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் நான் சொன்னால் அது லண்டன்காரரின் ரோஜாப்பூக் கடிதம் மாதிரிதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் அம்மாவாகக் கேட்கிறேன். மாமாவுக்கு லெட்டர் எழுதி விலகாதே. ஆள்விட்டும் சொல்லாதே. ஆடி முடிவதற்குள் நேரில் போய், அவர் கடையில் அல்ல, வீட்டில், அத்தை இருக்கும்போது சொல். அவர் சத்தம் போடுவார். உனக்கு முதன்முதலில் காயில் கட்டக் கற்றுக்கொடுத்த கை அது, சத்தம் போட அவருக்குப் பாத்தியதை உண்டு. முழுசாகக் கேட்டுக்கொண்டு, அத்தை கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு வா. கடை திறந்த பிறகும் பொங்கலுக்குப் போ, தீபாவளிக்குப் போ, அவர் வாசலில் நிற்கவைத்தாலும் போ. கூட்டை விட்டு வெளியே போவது குற்றமில்லை. போய்விட்டு என்னைப் போலப் பின்பக்க அறையில் ஒளிந்துகொள்ளாதே.

இதை எழுதி முடிக்கும்போது உன் அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இத ஒரு கவர்ல அடைக்க முடியாது, பார்சல்லதான் அனுப்பணும்" என்கிறார். தேவையில்லை. நானே கொண்டுவருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருவேன். ஜன்னலோரம் உட்கார்ந்து செல்லூரைப் பார்த்துக்கொண்டே வருவேன். பேச்சியம்மா அந்தப் பழைய பாவில் மிஞ்சியிருந்த துணியில் உனக்கென்று ஒரு துண்டு கிழித்துக் கொடுத்திருக்கிறாள். அதே சிவப்பு வெள்ளைக் கட்டம், "மேசைக்காரத் தம்பிக்கு, கிரீஸ் தொடைக்க" என்று சொல்லிக் கொடுத்தாள். அந்தச் சட்டைக் கதையை அவளிடம் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் மாமாவையும் என்னோடு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "பாப்போம்" என்றிருக்கிறார். அவர் வராவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே, நான் மட்டும் வருவேன்.

பிழைப்பாயா என்று கேட்டாயே, தெரியாது ராசா. சத்தியமாகத் தெரியாது. கடை ஓடினால் மாதம் ஒரு தடவை வருவேன். ஓடாவிட்டால் வாரம் ஒரு தடவை வருவேன்.

உன் அம்மா